மாவுக்கட்டுக்குள் நடப்பது



எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் கட்டைப் பிரிக்கும் நாளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். அந்த நாள் வரும். கட்டை அறுத்துப் பிளந்ததும் கால் வெளியே வரும். எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருக்கும், மருத்துவருக்குத் திருப்தி. நோயாளியின் முகம் மட்டும் வாடிப்போகும். தொடை சூம்பியிருக்கும். தோல் செதில் செதிலாக உரியும். முழங்கால் மடங்காது, கணுக்கால் விறைத்து நிற்கும். "எலும்பு கூடிடுச்சுன்னு சொல்றீங்க, அப்புறம் ஏன் காலை மடக்க முடியல?" என்று கேட்பார்கள். இயன்முறை மருத்துவத்தில் இருக்கும் என்னைப் போன்றவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்.

பெரும்பாலானோர் இதை அடிபட்டதன் விளைவு என்றே நினைக்கிறார்கள். அடிக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சூம்பலுக்கும் இறுக்கத்துக்கும் பெரும்பொறுப்பு அடிக்குப் பிறகு வந்த அசைவின்மைதான். ஓய்வை நாம் மருந்து என்று மட்டுமே அறிந்திருக்கிறோம். மருந்து என்றால் அளவு வேண்டும், காலக்கெடு வேண்டும், பக்கவிளைவு என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். ஓய்வுக்கு மட்டும் இவை எதுவும் தேவையில்லை என்று எப்படியோ நம்பிவிட்டோம். அந்தப் பக்கவிளைவுகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

1966-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஒரு சோதனை நடந்தது. இருபது வயது நிரம்பிய, நல்ல உடல்நலமுள்ள ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். நோயில்லை, காயமில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு, படுக்கை, அவ்வளவுதான். சுவீடனைச் சேர்ந்த பெங்ட் சால்டினும் டாலஸ் மருத்துவர்களும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. மூன்று வாரம் கழித்து அளந்தபோது, கடும் உழைப்பின்போது உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு கால்பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. முப்பது ஆண்டு கழித்து, அதே ஐந்து பேரும் ஐம்பதைத் தொட்டபோது மறுபடி அழைத்து அளந்தார்கள். முப்பது ஆண்டு முதுமை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதைவிட, இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை எடுத்துக்கொண்டது அதிகம். இந்த ஒரு முடிவுக்காகவே அந்த ஆய்வை மருத்துவ மாணவர்கள் அனைவரும் படிக்க வேண்டும் என்பேன். ஐம்பது வயதில் அவர்களுக்கு ஆறு மாதம் முறையாகப் பயிற்சி கொடுத்தபோது இழந்த திறன் திரும்பியது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நம்பிக்கைக்கு அது வேண்டும்.

அது இதயமும் நுரையீரலும் தசையும் கூட்டாகக் காட்டிய கணக்கு. தசையை மட்டும் தனியாகப் பார்த்தால்? நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகர ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட முடிவு தெளிவானது. ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஒரு காலில் மட்டும் முழுநீளக் கட்டு போட்டார்கள். ஐந்தே நாளில் தொடையின் முன்தசை 3.5 சதவீதம் சுருங்கியது. வலிமை 9 சதவீதம் போனது. பதினான்கு நாள் கட்டு போட்டவர்களுக்குத் தசை 8 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. வலிமை ஏறக்குறைய 23 சதவீதம். வலிமை, பருமனைவிட வேகமாகச் சரிவதைக் கவனியுங்கள். தசையின் பருமன் குறைவதோடு, அதை முழுவீச்சில் இயக்கும் நரம்பின் திறனும் மங்குகிறது. அதனால்தான் கட்டு பிரித்தவர் தொடையை இறுக்கச் சொன்னால், 'எப்படி இறுக்குவது' என்று விழிக்கிறார். சோம்பல் என்று வீட்டில் இருப்பவர்கள் கடிந்துகொள்வார்கள். சோம்பல் இல்லை, மூளைக்கும் அந்தத் தசைக்கும் இருந்த பழக்கம் விட்டுப்போயிருக்கிறது.

முதியவர்களின் நிலை இன்னும் மோசம். அமெரிக்காவில் 2007-இல் வெளியான ஆய்வில், சராசரி வயது 67 உள்ள, நோயற்ற முதியவர்கள் பத்து நாள் படுத்திருந்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை குறைந்தது. பத்து நாள் என்பது நம் ஊரில் ஒரு காய்ச்சலுக்கோ, கண்புரை அறுவைக்குப் பிறகு 'பாட்டியை எழுப்பாதே, படுத்திருக்கட்டும்' என்று அன்போடு படுக்க வைப்பதற்கோ ஆகும் காலம். தானாக எழுந்து கழிப்பறைக்குப் போய்க்கொண்டிருந்த பாட்டி, அந்தப் பத்து நாளுக்குப் பிறகு ஆள் துணையில்லாமல் எழ முடியாமல் போவதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். வயதாகிவிட்டது என்பார்கள். வயது பத்து நாளில் அவ்வளவு கூடுவதில்லை.

தசைக்குள் என்ன நடக்கிறது? தசைப் புரதம் ஒவ்வொரு நாளும் கட்டப்படுகிறது, ஒவ்வொரு நாளும் கலைக்கப்படுகிறது. இரண்டும் சமமாக நடக்கும்வரை பருமன் மாறாது. தசை சுருங்கி விரியும் இழுவிசையே கட்டும் வேலைக்கு உத்தரவு. இழுவிசை நின்றதும் அந்த உத்தரவு நின்றுபோகிறது. சாப்பிட்ட புரதத்தைக்கூடத் தசை முன்போல எடுத்துக்கொள்வதில்லை. கலைக்கும் பக்கமோ, யூபிகுட்டின் என்ற சிறு புரதத்தை ஒட்டி அடையாளமிட்டு, தேவையில்லை என்று தோன்றிய புரதங்களைச் சிதைத்துக்கொண்டே இருக்கிறது. எல்லாத் தசைகளும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. நாம் நிற்பதற்காகப் புவியீர்ப்போடு நாள் முழுதும் போராடுபவை முதலில் போகின்றன: கெண்டைக்கால், தொடையின் முன்புறம், பிட்டம், முதுகு. உட்கார்ந்து எழுவதற்கும் படியேறுவதற்கும் வேண்டியவை இவையே. சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வதும் தசைதான். நீரிழிவுக்காரர் காலொடிந்து படுத்ததும் சர்க்கரை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இயற்கையில் இதற்கு விதிவிலக்கு உண்டு என்பதே வியப்பானது. அமெரிக்காவின் கருங்கரடி குளிர்காலம் முழுவதும் குகையில் உண்ணாமல் கிடக்கிறது. ஏறக்குறைய 130 நாளில் அதன் காலின் வலிமை 23 சதவீதம்தான் குறைகிறது என்று 2001-இல் நேச்சர் இதழில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மாஸ்ட்ரிக்ட் இளைஞர்கள் இரண்டே வாரத்தில் இழந்தது அது. கரடிக்கு இருக்கும் அந்தப் பாதுகாப்பு மனிதனுக்கு இல்லை.

தசை மெலிவது கண்ணுக்குத் தெரிகிறது. அது குட்டையாவது தெரிவதில்லை. தசை இழை ஒவ்வொன்றிலும் சார்கோமியர் என்ற நுண் அலகுகள் வரிசையாக இணைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மைக்ரான் நீளம். 1972-இல் பிரான்சில் தபாரி குழுவினர் பூனையின் கெண்டைக்கால் தசையைச் சுருங்கிய நிலையில் வைத்துக் கட்டு போட்டார்கள். நான்கு வாரத்தில் அந்த வரிசையிலிருந்து 40 சதவீதம் அலகுகள் காணாமல் போயிருந்தன. தசை தனக்குக் கொடுக்கப்பட்ட நீளத்துக்கு ஏற்பத் தன்னை வெட்டிக்கொண்டுவிட்டது. நீட்டிய நிலையில் கட்டு போட்டபோது நேர்மாறாக அலகுகள் கூடின. எந்த நிலையில் ஓய்வு கொடுக்கிறோமோ அந்த நிலையைத் தசை நிரந்தரம் என்று எடுத்துக்கொள்கிறது.

இதை அறிந்தவர்கள் முழங்காலின் கீழே தலையணை வைக்கவே மாட்டார்கள். நம் வீடுகளில் நடப்பது என்ன? மூட்டுவலிக்காரருக்கோ பக்கவாதம் வந்தவருக்கோ முழங்கால் மடங்கியிருந்தால் சுகமாக இருக்கிறது. அன்புள்ள மகளோ மருமகளோ தலையணையைத் திணித்துவிடுகிறார். இரவும் பகலும் அது அங்கேயே கிடக்கிறது. சில வாரத்தில் தொடையின் பின்தசை குட்டையாகி, கால் நேராக நீட்ட முடியாத நிலைக்கு வந்துவிடும். கனமான போர்வையும் அப்படித்தான். நாள்முழுதும் பாதத்தை முன்னோக்கி அழுத்தி அழுத்தி, குதிகால் தரையில் பதியாத காலை உண்டாக்கிவிடும். காலை வெட்டி எடுத்தவர்களுக்கு இடுப்பு மடங்கியே இறுகிவிட்டால் செயற்கைக் கால் பொருந்தாது. அதனால்தான் அவர்களைத் தினமும் கொஞ்சநேரம் குப்புறப் படுக்கச் சொல்கிறோம்.

இதற்கு மாற்று பெரிய செலவுள்ளதில்லை. 1990-இல் வெளியான ஓர் ஆய்வில், கட்டு போட்ட சுண்டெலிகளின் தசையைத் தினமும் அரைமணி நேரம் மட்டும் நீட்டி வைத்தார்கள். சார்கோமியர் இழப்பைத் தடுக்க அதுவே போதுமாக இருந்தது. சுண்டெலியின் கணக்கை அப்படியே மனிதருக்குப் போட முடியாது. ஆனால் ஒரு நாளின் 24 மணி நேரத்தில் ஒரு சிறு பகுதி இவ்வளவு வேலை செய்கிறது என்பது படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்பவர்கள் மனத்தில் வைக்க வேண்டிய செய்தி. பிறவியிலேயே பாதம் உள்வளைந்த குழந்தைகளுக்கு அமெரிக்காவின் அயோவா மருத்துவர் பொன்செட்டி வகுத்த சிகிச்சையும் திசுக்களின் இதே குணத்தை நன்மைக்குப் பயன்படுத்துவதுதான். பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வாரந்தோறும் புதுக்கட்டு போட்டுத் திசுக்களை நீளவைக்கிறார்கள். மாவுக்கட்டு நம் எதிரி என்று யாரும் இங்கிருந்து எண்ணிக்கொண்டு போகவேண்டாம்.

இனி மூட்டு. ஒவ்வொரு அசையும் மூட்டையும் சுற்றி ஓர் உறை இருக்கிறது. அந்த உறை, எலும்போடு எலும்பைப் பிணைக்கும் லிகமென்ட், தசையை எலும்போடு கட்டும் நாண் எல்லாம் இணைப்புத் திசுதான்; கொலாஜன் என்ற புரத இழைகளால் ஆனவை. உறையை ஒரு மீன்வலையாக எண்ணிக்கொள்ளுங்கள். நனைந்த வலையில் நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். இழுத்த பக்கம் விரியும். அதே வலை காய்ந்து, நூல் குறுக்கிடும் இடமெல்லாம் ஒட்டிக்கொண்டால், நூலின் உறுதி குறையாமலே வலை விரியாமல் போய்விடும். அமெரிக்காவின் சான் டியேகோவில் ஏகசன், வூ, அமியல் ஆகியோர் முயலின் முழங்காலை ஒன்பது வாரம் கட்டிவைத்துக் கண்டது இதைத்தான். இழைகளுக்கு நடுவே வழவழப்பைக் காக்கும் நீரும் கிளைக்கோசமினோகிளைக்கான் என்ற பொருளும் குறைந்திருந்தன. இழைகளுக்கிடையே புதிய குறுக்குப் பிணைப்புகள் கூடியிருந்தன. மூட்டை மடக்கக் கூடுதல் விசை தேவைப்பட்டது. மூட்டின் உள்வெளியிலும் கொழுப்பும் நாரும் கலந்த திசு படர்ந்து, நாளடைவில் குருத்தெலும்பின் மேலேயே ஒட்டிக்கொள்வதை வேறு ஆய்வாளர்கள் எலிகளிடமும் மனிதரிடமும் காட்டியிருக்கிறார்கள்.

குருத்தெலும்பைப் பற்றி ஒரு தகவல் பலருக்கும் தெரியாது. அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. அதன் உணவு மூட்டுத் திரவத்தில் இருக்கிறது. நடக்கும்போது எடை விழுந்தால் உள்ளிருக்கும் நீர் பிதுங்கி வெளியேறுகிறது. எடை விலகினால் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. இந்த ஏற்ற இறக்கம் இல்லையென்றால் அதன் பட்டினி தொடங்குகிறது. தண்டுவடம் பாதிக்கப்பட்டுக் கால் செயலிழந்தவர்களின் முழங்கால் குருத்தெலும்பு மெலிந்துபோவது ஸ்கேனிலேயே தெரிகிறது. அசைக்காமல் ஒரே இடத்தில் அழுத்திவைப்பதும் கேடுதான். டொராண்டோவின் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய ராபர்ட் சால்டர் 1960-இல் முயல்களின் மூட்டை ஒரே நிலையில் அழுத்தி வைத்துப் பார்த்தார். அழுத்தம் விழுந்த இடத்தில் குருத்தெலும்பு செத்துப்போயிருந்தது.

லிகமென்ட்டின் கதைதான் என்னை அதிகம் அச்சுறுத்துவது. அமெரிக்காவின் ஃபிராங்க் நாய்ஸ் 1970-களில் குரங்குகளுக்கு எட்டு வாரம் கட்டு போட்டார். முழங்காலின் நடுவே இருக்கும் முன்சிலுவை லிகமென்ட்டுக்கு எந்தக் காயமும் இல்லை, அசைவின்மை மட்டும்தான். அதை அறுக்கத் தேவையான விசை 39 சதவீதம் குறைந்திருந்தது. ஐந்து மாதம் இயல்பாக நடமாடவிட்ட பிறகும் பழைய வலிமை வரவில்லை. ஓராண்டு கழித்தும் முழுமையாக வரவில்லை. சுமார் பத்தில் ஒன்பது பங்கு வந்திருந்தது. தசை சில வாரத்தில் பருத்து நம்மை ஏமாற்றும். 'பழைய பலம் வந்துவிட்டது' என்று விளையாட்டுக்குத் திரும்பும் இளைஞரின் லிகமென்ட் இன்னும் பாதிவழியில் இருக்கும். எட்டு வாரத்தில் இழந்ததை மீட்க ஓராண்டும் போதாது என்ற கணக்கை, கபடி ஆடும் பிள்ளைகளும் அவர்களுடைய பயிற்சியாளர்களும் அறிந்திருக்க வேண்டும்.

எலும்பும் தேய்கிறது. விண்வெளியில் எடையற்று மிதப்பவர்கள் இடுப்பெலும்பில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் இழப்பதாக அளந்திருக்கிறார்கள். அதனால் சர்வதேச விண்வெளி நிலையத்தில் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உடற்பயிற்சிக்கு ஒதுக்குகிறார்கள்.

இன்று இவ்வளவு தெரிந்தாலும், மருத்துவ உலகமே இதை ஏற்கப் பல தலைமுறை ஆனது. 1850-களின் தொடக்கத்தில் டச்சு ராணுவ மருத்துவர் மாத்தைசன் துணியில் பாரிஸ் சாந்தைத் தடவிக் கட்டும் முறையைக் கொண்டுவந்தார். முறிந்த காலோடு ஆளை இடம்பெயர்க்க முடிந்தது, உயிர்கள் பிழைத்தன. லிவர்பூலின் ஹ்யூ ஓவன் தாமஸ் நீண்ட, இடைவிடாத ஓய்வே மூட்டு நோய்க்கு மருந்து என்றார். காசநோய் மூட்டுகளைத் தின்றுகொண்டிருந்த, ஆன்ட்டிபயாட்டிக் இல்லாத காலத்தில் அவர் சொன்னதற்கு நியாயம் இருந்தது. பிரான்சில் லூகா-ஷாம்பியோனியேர் என்ற அறுவை மருத்துவர் எதிர்ப்பக்கம் நின்று, முறிவுகளுக்கும் மிதமான அசைவு வேண்டும் என்று வாதாடினார். வென்றது தாமஸின் பக்கம். மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் படுக்க வைத்தார்கள். பிரசவமானவளையும் எழுப்பவில்லை. 1947-இல் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர் படுக்கையின் ஆபத்துகளைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை எழுதினார். 1952-இல் பாஸ்டனின் லெவைனும் லௌனும் மாரடைப்பு நோயாளிகளை நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்து, அது படுக்கையைவிட நல்லது என்றார்கள். 1958-இல் சுவிட்சர்லாந்தில் கூடிய எலும்பு மருத்துவர்கள், முறிவைத் தகடும் திருகும் கொண்டு இறுக்கிவிட்டு மூட்டை உடனே அசைக்க வேண்டும் என்று ஒரு கழகமே தொடங்கினார்கள். கட்டினால் வரும் சூம்பலையும் இறுக்கத்தையும் எலும்பு மெலிவையும் முறிவு நோய் என்றே அழைத்தார்கள். முறிவு ஒரு நோய், அதற்கான ஓய்வால் வருவது இன்னொரு நோய்.

சால்டர் 1970-களில், மூட்டை இயந்திரத்தால் ஓயாமல் மெல்ல அசைத்துக்கொண்டே இருக்கும் முறையை முன்வைத்தார். அந்த இயந்திரம் எல்லா அறுவைக்கும் தேவையில்லை என்று பிற்பாடு தெரிந்தது. முழங்கால் மாற்று அறுவைக்குப் பிறகு அதனால் பெரிய நன்மையில்லை. ஆனால் மூட்டு அசைய வேண்டும் என்று அவர் நிறுவ விரும்பிய அடிப்படை நிலைத்துவிட்டது.

ஓய்வு தவிர்க்க முடியாதபோது எந்த நிலையில் வைக்கிறோம் என்பது முக்கியம். அதைப் பார்க்க, இப்போது எல்லோரும் வலக்கையை நீட்டுங்கள். விரல்களை நேராக வைத்து, ஆள்காட்டி விரலை மட்டும் இடமும் வலமுமாக ஆட்டுங்கள். தாராளமாக ஆடுகிறது. இனி அதே விரலை அடிமூட்டில், கையை மூடும்போது மேடாகத் தெரியும் மூட்டில், செங்கோணமாக மடக்குங்கள். மடக்கியபடியே பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆடவில்லை அல்லவா? மூட்டின் இருபுறமும் இருக்கும் லிகமென்ட்டுகள் விரல் நீண்டிருக்கும்போது தளர்ந்திருக்கின்றன; மடங்கும்போது விறைக்கின்றன. எலும்பின் தலை சீரான உருண்டையாக இல்லாததே காரணம்.

இதை அறியாமல் விரல்களை நேராக நீட்டி நான்கைந்து வாரம் கட்டு போட்டால், தளர்ந்த லிகமென்ட்டுகள் அந்தத் தளர்ந்த நிலையிலேயே குறுகிவிடும். பிறகு அடிமூட்டு மடங்கவே மடங்காது. கையால் சோறு பிசைந்து உண்ணும் நமக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு! கரண்டி பிடிக்க முடியாது, பையைத் தூக்க முடியாது. எடின்பரோவின் ஜேம்ஸ் என்ற மருத்துவர் இதற்கு விடை சொன்னார்: கைக்கு ஓய்வு கொடுப்பதானால் அடிமூட்டுகளை மடக்கி, விரலின் மற்ற இரண்டு மூட்டுகளை நீட்டி, மணிக்கட்டைச் சற்றே மேல்நோக்கி வைக்க வேண்டும். அதே முறிவு, அதே நான்கு வாரம். வைத்த நிலை மட்டுமே வேறு. ஒருவர் தொழிலுக்குத் திரும்புகிறார், இன்னொருவர் திரும்புவதில்லை.

நம் ஊர்ப் பழக்கங்களுக்கு வருகிறேன். தமிழகத்தில் முறிவு என்றதும் புத்தூர் கட்டுக்குப் போகிறவர்கள் ஏராளம். அறுவைக்குப் பயம், செலவுக்குப் பயம், தலைமுறையாக வந்த நம்பிக்கை எல்லாம் சேர்ந்து அழைத்துப்போகின்றன. போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு ஆபத்துகளை மட்டும் சொல்லியாக வேண்டும். ஒன்று, மூங்கில் பட்டையோ மாவுக்கட்டோ எதுவானாலும் மிக இறுக்கமாகக் கட்டுவது. கட்டுக்குள் வீக்கம் ஏறி ரத்த ஓட்டம் நின்றால், ஆறு மணி நேரம் போலத் தாக்குப்பிடிக்கும் தசை அதற்குப் பிறகு சாகத் தொடங்கும். செத்த தசை வடுவாகி விரல்களைக் கொக்கியாக வளைத்துவிடும். ஜெர்மனியின் வோல்க்மன் 1881-இல் விவரித்த நிலை அது. வலி நேரம் ஆக ஆகக் கூடினால், விரலை மற்றவர் நீட்டும்போது உயிர் போகிறாற்போல வலித்தால், மரத்துப்போனால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரவானாலும் கட்டைத் தளர்த்த மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

இரண்டாவது, எண்ணெய் போட்டு உருவுவது. முழங்கைக்கு இது பெருங்கேடு. மரத்திலிருந்து விழுந்து முழங்கை நழுவிய ஒரு பனையேறியை நினைத்துக்கொள்கிறேன். நழுவிய மூட்டைச் சரியாக அமர்த்தி அனுப்பியிருந்தார்கள். மடங்கவில்லையே என்று வீட்டில் தினமும் பலமாக உருவிவிட்டிருக்கிறார்கள். நசுங்கிய தசைக்குள் ரத்தம் கசிந்து, அந்த இடத்தில் எலும்பே வளர்ந்துவிட்டது. முழங்கை பாதி மடங்கிய நிலையில் நின்றது. மரமேறும் தொழில் அவருக்கு முடிந்துபோனது. முழங்கையை அவரவர்தான் தம் பலத்தால் மெல்ல மெல்ல மடக்கிப் பழக்க வேண்டும். பிறர் பலத்தால் வளைக்கக் கூடாது. பொதுவாகவே இறுகிய எந்த மூட்டையும் 'வலிச்சாத்தான் சரியாகும்' என்று வெடுக்கென்று இழுப்பது தவறு. கொலாஜன் மெதுவான, நீடித்த இழுவைக்கு இணங்கும். பத்து நிமிடம் மிதமாக நீட்டி வைத்தால் கிடைக்கும் பலன் ஒரு முரட்டு இழுப்பில் கிடைக்காது. அது கிழித்துப் புது வடுவைத்தான் உண்டாக்கும்.

அசையுங்கள் என்று நான் சொல்வதைக் கேட்டு யாரும் அவசரப்பட்டுவிடக் கூடாது. நிலையற்ற முதுகெலும்பு முறிவு, தையல் போட்ட தசைநாண் போன்றவற்றுக்கு ஓய்வு உயிர்நாடி. அங்கேயும் அசைவு முற்றாக விலக்கப்படுவதில்லை, அளந்து கொடுக்கப்படுகிறது. கைவிரல் நாண் அறுந்து தைத்தவர்களுக்கு அமெரிக்காவின் கிளைனர்ட் 1960-களில் நகத்தில் ரப்பர் பட்டையைப் பொருத்தி, நாணுக்குப் பளு ஏறாமல் விரல் அசையும்படி செய்தார். அதற்கு முன்பு விரலுக்குள் நாணைத் தைக்கவே மருத்துவர்கள் தயங்கினார்கள். தைத்தால் சுற்றிலும் ஒட்டிக்கொண்டு விரல் விறைத்துவிடும்.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மேரி வர்கீஸைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தலைப்பில் நம் மண்ணில் பேச முடியாது. 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். மனம் தளராமல், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் வளைந்து இறுகிய கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் நோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியால் தொடங்கியது. இந்தியாவில் அப்படி ஒன்று அதற்கு முன் இருந்ததில்லை. படுத்தே கிடக்க வேண்டியவர்கள் என்று வீட்டார் கைவிட்ட பலர் அங்கிருந்து தம் வேலையைத் தாமே பார்க்கும் நிலையில் வெளியே வந்தார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் யாருக்கேனும் கட்டு போட்டால், எத்தனை வாரம் என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். எந்த மூட்டை அசைக்கக் கூடாது, எவற்றை இன்றிலிருந்தே அசைக்க வேண்டும், கட்டுக்குள்ளேயே தசையை இறுக்கித் தளர்த்தலாமா, எப்போது காலை ஊன்றலாம் என்று கேளுங்கள். மணிக்கட்டு முறிந்தவர்கள் விரலையும் தோளையும் அசைக்காமல் விட்டு, எலும்பு கூடிய பிறகு தோள் பிடித்துக்கொண்டு வருவது தினமும் நடக்கிறது. நீரிழிவு இருந்தால் தோள் இறுகும் வாய்ப்பு இன்னும் அதிகம். பக்கவாதம் வந்தவரைத் தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள். முதியவருக்குக் காய்ச்சல் தணிந்த அன்றே நாற்காலியில் உட்கார வையுங்கள். முட்டை, பருப்பு, பால், மீன் எது ஒத்துக்கொள்கிறதோ அதைப் படுக்கையில் இருப்பவருக்குக் குறைக்காமல் கொடுங்கள். படுத்திருப்பவருக்குக் கஞ்சி போதும் என்பது தவறு.

இயன்முறை மருத்துவரிடம் போக வசதியில்லை என்று பலர் சொல்கிறார்கள். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. உங்கள் தெருவில் படுத்த படுக்கையாக யாரேனும் இருந்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயரை இந்த வாரமே பதிவு செய்யுங்கள்.